உயரமான ஹேண்டில்பாரை வீட்டிலேயே மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் என் கார்புரேட்டர் புல்லட்டுக்கு உயரமான ஹேண்டில்பார் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார், அலுவலக நண்பர்கள், தம்பியின் கல்லூரித் தோழர்கள் என்று பலர் வந்தார்கள். கூட நின்று போட்டும் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் மேனுவல் சொல்வதையே கேளுங்கள்.

அண்ணா, ஹேண்டில்பாரை உயர்த்தினா முதுகுவலி போயிடுமா?

ஹேண்டிலைப் பிடிக்க முன்னால் குனிய வேண்டியிருப்பதால் வரும் வலி என்றால் குறையும். உள்ளங்கையில் பாரம் விழுந்து மணிக்கட்டு வலிப்பதும் குறையும். பள்ளம் மேட்டில் அடி வாங்கி இடுப்பு வலிக்கிறது என்றால் பார்க்க வேண்டியது சீட்டையும் பின் ஷாக் அப்சார்பரையும். நிமிர்ந்து உட்கார உட்கார உடம்பின் எடை முழுக்க இடுப்பில் இறங்கும். அந்த மாதிரி வலிக்கு உயரமான ஹேண்டில் கெடுதலாகவும் முடியலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, வழக்கமாக ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கைகளை முன்னால் தளர்வாக நீட்டுங்கள். முழங்கை சற்று மடங்கியிருக்க, கை தானாக எங்கே நிற்கிறதோ அதுதான் உங்களுக்கான கிரிப் இருக்க வேண்டிய இடம். பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து, அங்கிருந்து இப்போதைய கிரிப் வரை எவ்வளவு மேலே, எவ்வளவு பின்னே என்று டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். அளந்த பலருக்கும் தேவைப்பட்டது ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம்தான். கடையில் அவர்கள் கைவைத்துப் பார்த்ததோ எட்டு அங்குல ஹேண்டில்.

கடையில "ரைஸ் எவ்ளோ வேணும், புல் பேக் எவ்ளோ"னு கேக்கறாங்க. ஒண்ணும் புரியல.

கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதியிலிருந்து கிரிப் எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ரைஸ். கிரிப் எவ்வளவு பின்னால் உங்களை நோக்கி வருகிறது என்பது புல் பேக். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உள்ளது அகலம். மேலே சொன்ன சோதனையில் எடுத்த இரண்டு எண்களையும் பழைய ஹேண்டிலின் அளவுகளோடு கூட்டினால் உங்கள் ரைஸும் புல் பேக்கும் கிடைத்துவிடும். அகலத்தைப் பழைய அளவுக்கு ஒட்டியே வையுங்கள். நம் ஊர் நெரிசலில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே நுழைவது முதல் வீட்டு கேட்டைத் தாண்டுவது வரை அகலம்தான் தினமும் தொல்லை கொடுக்கும்.

பைப் சைஸ் எல்லாம் ஒண்ணுதானே? எதை வேணா போடலாமா?

போட முடியாது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் கிரிப் பக்கமும் கிளாம்ப் பக்கமும் 22 மி.மீ. குழாய். சில பைக்குகளில் கிரிப் பக்கம் 22, நடுவில் மட்டும் 28.6 மி.மீ. என்று தடித்திருக்கும். ஹார்லி போன்ற க்ரூஸர்களில் 25.4 மி.மீ., அதாவது ஒரு அங்குலம். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். வெர்னியர் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கிளாம்ப் உட்காரும் இடத்தில் சொரசொரப்பாக வரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில் சுழலாமல் பிடிப்பது அதுதான். வளைவில் சப்பையாகியிருந்தாலோ, வெல்டிங் தழும்பு தெரிந்தாலோ வாங்காதீர்கள். புதுப்பேட்டையில் நல்ல பொருளும் கிடைக்கும், விபத்தில் வளைந்ததை நிமிர்த்தி பாலிஷ் போட்டதும் கிடைக்கும். மற்ற உதிரிகளைப் பழையதாக வாங்கலாம். ஹேண்டில்பாரைப் புதிதாகவே வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வீட்ல செய்ய என்னென்ன டூல்ஸ் வேணும்? எவ்ளோ நேரம் ஆகும்?

ஆலன் கீ செட், ஸ்பேனர் செட், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் டார்க் ரெஞ்ச். டார்க் ரெஞ்சை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது இல்லாமல் தொடங்க வேண்டாம். டேங்கின் மேல் போட ஒரு தடித்த பழைய போர்வை. டிஸ்க் பிரேக் என்றால் மூடி திறக்காத பிரேக் ஆயில் டப்பா, ஊசி போடும் சிரிஞ்ச், மெல்லிய டியூப்.

ஹேண்டிலை மட்டும் கழற்றி மாட்டுவது ஒரு மணி நேர வேலை. கேபிள், ஹோஸ், ஒயர் சேர்ந்தால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. கழற்றுவதற்கு முன் கேபிள்கள் எந்தப் பக்கம் போய் எதற்குப் பின்னால் நுழைகின்றன என்று நாலு கோணத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். மாலையில் அந்தப் போட்டோதான் கைகொடுக்கும்.

பழைய கேபிளே எட்டுமா, இல்ல புதுசு வாங்கணுமா?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது. ஹேண்டில்பார் வெறும் குழாய். அதில் தொங்கும் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், சுவிட்ச் ஒயர் எல்லாம் புது உயரத்துக்கு எட்ட வேண்டும். நேராக நிற்கும்போது எட்டினால் போதாது. ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் ஒடித்துத் திருப்பும்போதும் இழுபடாமல் இருக்க வேண்டும். ஒன்று, ஒன்றரை அங்குல உயர்வு என்றால் பெரும்பாலும் கேபிளின் பாதையைச் சற்று மாற்றினால் போதும். அதற்கு மேல் போனால் நீளமான கேபிள் வாங்கும் எண்ணத்தோடே இருங்கள்.

நீளத்தை அளக்கச் சணல் கயிறு போதும். புது ஹேண்டிலை லேசாக இறுக்கி நிறுத்துங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் அந்தக் கேபிள் அதிகம் இழுபடுமோ அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். லிவரிலிருந்து எஞ்சின் வரை, கேபிள் போகும் அதே வழியில், விறைப்பு இல்லாமல் கயிற்றை விடுங்கள். அந்த நீளத்தைப் பழைய கேபிளின் வெளி உறையோடு ஒப்பிட்டால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தெரியும். நாலு அங்குலம் உயர்த்தினால் கேபிளும் சரியாக நாலு அங்குலம் கூட வேண்டும் என்று கணக்கில்லை, புல் பேக்கும் சேர்ந்து மாற்றிவிடும். அளவு சொன்னால் கேபிள் செய்து தரும் கடைகள் இருக்கின்றன, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் விசாரியுங்கள். முனையில் உள்ள குண்டு ஈயம் உருக்கிப் பிடித்ததாக இருக்க வேண்டும். திருகாணி வைத்து இறுக்கும் சைக்கிள் குண்டைக் கிளட்சுக்கோ பிரேக்குக்கோ ஒருநாளும் போடாதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை கிளட்ச் கேபிள் "எட்டிவிட்டது" என்று பழையதையே விட்டுவிட்டேன். லிவரில் ஆட்டமே இல்லை. அப்படி இருந்தால் லிவரை லேசாகப் பிடித்தபடியே ஓட்டுவதற்குச் சமம், கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் அலறியதே தவிர வண்டி நகரவில்லை. கிளட்ச் பிளேட் மொத்தமாகக் கருகிவிட்டது. ஒரு கேபிளை மிச்சம் பிடிக்கப் போய்க் கிளட்ச் செட்டே மாற்ற வேண்டியதாயிற்று.

ஸ்பீடோமீட்டர் கேபிளும் மாத்தணுமா?

பெரும்பாலும் வேண்டாம். மீட்டர் ஹேண்டிலில் இல்லாமல் ஃபோர்க்கின் மேல் யோக்கிலோ (இரண்டு ஃபோர்க் குழாய்களையும் மேலே சேர்த்துப் பிடிக்கும் பகுதி) ஹெட்லைட் கூட்டிலோ உட்கார்ந்திருந்தால், ஹேண்டில் உயர்ந்தாலும் மீட்டர் அதே இடத்தில்தான் இருக்கும்.

முன்னாடி டிரம் பிரேக், டிஸ்க் பிரேக் - ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

டிரம் என்றால் அதுவும் ஒரு கேபிள்தான், முந்தைய கேபிள் கேள்வியில் சொன்ன கயிற்று அளவே பொருந்தும். டிஸ்க் என்றால் ஹோஸ். ஹோஸ் இழுபட்டால் தளர்த்திவிட அதில் அட்ஜஸ்டர் கிடையாது. விறைத்து நிற்கும் ஹோஸ் திருப்பத்துக்குத் திருப்பம் முனையில் வளைந்து நாளடைவில் விரிசல் விடும். சந்தேகமாக இருந்தால் நீளமானதே போடுங்கள். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வேண்டிய நீளத்துக்குக் கிடைக்கும்.

ஹோஸ் முனையைப் பிடிக்கும் ஓட்டை போல்ட்டின் இரு பக்கமும் செம்பு வாஷரோ அலுமினிய வாஷரோ இருக்கும். ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போட்டால் கசியும், ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று எந்த வகை வேண்டும் என்பது மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் லிவரை ஒட்டி ஆயில் டப்பாவோடு இருப்பது) மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பிரேக் ஆயில் பெயிண்ட்டை அரிக்கும். டேங்கில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். போர்வை போடச் சொன்னது இதற்காகவும்தான்.

எல்லாம் மாட்டியாச்சு, ஆனா பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குது?

ஹோஸுக்குள் காற்று இருக்கிறது. லிவரைப் பிடித்து, சக்கரத்தில் டிஸ்க்கை அமுக்கிப் பிடிக்கும் காலிப்பரில் காற்று எடுக்க உள்ள நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஆயிலும் குமிழியும் வெளியேறியதும் மூடி, அப்புறம் லிவரை விடுங்கள். மூடுவதற்கு முன் லிவரை விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். மேலே மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் ஆயில் காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரமான ஹேண்டிலில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஹோஸ் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து முதலில் மேலே வளைந்து அப்புறம் கீழே இறங்கும்படி அமைந்துவிட்டால், அந்த வளைவின் உச்சியில் குமிழி தங்கிவிடும். கீழே எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் அது வராது. மாஸ்டர் சிலிண்டரின் கிளாம்பைத் தளர்த்தி, ஹோஸ் அங்கிருந்து நேராகக் கீழிறங்கும்படி திருப்பி வைத்து ஏர் எடுங்கள். இல்லையென்றால் சிரிஞ்சால் காலிப்பர் பக்கமிருந்து ஆயிலை மேலே தள்ளுங்கள். மிச்சமிருந்தால், லிவரை ரப்பர் பேண்டால் அமுக்கிக் கட்டி இரவு முழுக்க விடுங்கள். பெரும்பாலும் காலையில் கெட்டியாகிவிடும். கெட்டியாகாமல் வண்டியைத் தெருவில் இறக்க வேண்டாம்.

என் வண்டி ஏபிஎஸ். வீட்ல கை வைக்கலாமா?

2019 ஏப்ரலுக்குப் பின் விற்கப்பட்ட 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். எனவே இந்தக் கேள்வி இப்போது பலருக்கும் உரியது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஏபிஎஸ் யூனிட் வரை ஒரு ஹோஸ், அங்கிருந்து காலிப்பருக்கு இன்னொன்று. ஹேண்டில் உயர்ந்தால் முதல் ஹோஸ் மட்டுமே நீள வேண்டும்.

யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் சாதாரண முறையில் எடுக்க முடியாமல் போகலாம், கம்ப்யூட்டர் இணைத்து யூனிட்டின் பம்ப்பை இயக்க வேண்டியிருக்கும். அந்த வசதி சர்வீஸ் சென்டரில்தான் இருக்கும். அதனால் ஏபிஎஸ் வண்டியில் ஹோஸ் மாற்றும் வேலையை மட்டும் அங்கே கொடுத்துவிடச் சொல்கிறேன். மற்றதை எல்லாம் நீங்கள் செய்யலாம்.

கிரிப் கழல மாட்டேங்குது. கத்தியால கிழிச்சிடட்டுமா?

திரும்பப் போடப்போவதில்லை என்றால் கிழிக்கலாம். இடது கிரிப் பசை போட்டு ஒட்டியிருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரை உள்ளே நுழைத்து, சோப்புத் தண்ணீரை விட்டுச் சுற்றினால் வந்துவிடும். வலது கிரிப் பிளாஸ்டிக் உறையின் மேல் இருக்கும், உறையோடு அப்படியே உருவுங்கள்.

திரும்ப மாட்டும்போது வலது உறைக்கும் ஹேண்டில் முனையில் மாட்டியிருக்கும் எடைக்கட்டிக்கும் நடுவே ஓரிரு மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒட்டி உட்கார்ந்தால் முறுக்கிய ஆக்சிலேட்டர் திரும்பி வராது. இடது கிரிப்புக்குக் கிரிப் பசை போட்டு ஒரு நாள் காயவிடுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம், ஓடும்போது கையோடு கழன்று வரும்.

சுவிட்சுக்குள்ள ஒரு சின்ன ஆணி இருக்கு. அதை வெட்டிட்டா ஈசியா உக்காருமே?

வெட்டாதீர்கள். சுவிட்ச் கூடு ஹேண்டிலைச் சுற்றிச் சுழலாமல் பிடிப்பது அந்த ஆணிதான். வலது பக்கக் கூட்டில் ஆக்சிலேட்டர் கேபிளும் சேர்ந்திருந்தால், கூடு சுழலும்போது கேபிளையும் இழுக்கும்.

புது ஹேண்டிலில் துளை போட வேண்டும். எல்லாவற்றையும் லேசாக மாட்டி, உட்கார்ந்து பார்த்து, கைக்கு வாகான கோணத்தை முடிவு செய்தபின் அடையாளமிடுங்கள். முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பழைய ஹேண்டிலில் அளக்கலாம். பஞ்ச் வைத்துத் தட்டி, முதலில் சின்ன பிட், அப்புறம் ஆணியின் அளவுக்குப் பிட். பிசிறை அரத்தால் தேய்த்து, துரு பிடிக்காமல் கொஞ்சம் பெயிண்ட் வையுங்கள். துளை கிரிப் அருகே நேரான பகுதியில் மட்டும் இருக்கட்டும். வளைவிலோ கிளாம்ப் அருகிலோ துளையிட்டால் ஹேண்டில் ஒடிவதற்கு அதுவே தொடக்கமாகிவிடும்.

ஒயர் எட்டல. வெட்டி ஒட்டிக்கலாமா?

முதலில் ஹெட்லைட் கூட்டைத் திறந்து பாருங்கள். பல வண்டிகளில் ஒரு சாண் ஒயர் உள்ளே சுருண்டு கிடக்கும். அது போதவில்லை என்றால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அதே தடிமன், அதே நிற ஒயரை வைத்து ஈயப்பற்று போட்டு, சுருங்கும் ட்யூப் மாட்டிச் சூடு காட்டுங்கள். எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் குவியாமல் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கட்டும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. கேபிளுக்குப் பதில் ஒயரிலேயே ஆக்சிலேட்டர் இயங்கும் வண்டிகளில், 2017 முதல் வந்த கேடிஎம் 390 டியூக் அப்படிப்பட்டது, அந்த ஒயரை மட்டும் வெட்டாதீர்கள். இணைப்பான் பொருத்திய நீட்டிப்பு ஒயர் கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் எட்டும் உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளாம்ப் போல்ட்டை நல்லா முறுக்கிட்டேன். போதும்ல?

எவ்வளவு முறுக்கினீர்கள் என்பதுதான் கேள்வி. 8 மி.மீ. போல்ட்டுக்குப் பல வண்டிகளில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் சொல்வார்கள். உங்கள் வண்டிக்கான எண் மேனுவலில் இருக்கும். அதிகம் இறுக்கினால் அலுமினிய யோக்கில் மரை போய்விடும். குறைந்தால் திடீர் பிரேக்கில் ஹேண்டில் முன்னால் சாயும்.

கிளாம்ப் மூடியில் அம்புக்குறியோ புள்ளியோ இருந்தால் அது முன்பக்கம் வர வேண்டும். சில வண்டிகளில் முன் போல்ட்டை முழுதாக இறுக்கி, இடைவெளியைப் பின்னால் விட வேண்டும். மற்றவற்றில் இருபக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். 50 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

ஹேண்டிலை மாத்தாம ரைசர் மட்டும் வச்சா ஆகாதா?

முதல் கேள்வியில் அளந்தது ஒன்றரை அங்குலத்துக்குள் என்றால் என் முதல் பரிந்துரையே ரைசர்தான், அதாவது ஹேண்டிலுக்கு அடியில் வைத்து உயர்த்தும் துண்டு. துளை போடும் வேலை இல்லை, பெரும்பாலும் கேபிளும் மாற வேண்டாம். ஆனால் கூடவே நீளமான போல்ட் வேண்டும். 8 மி.மீ. போல்ட் என்றால் குறைந்தது 12 மி.மீ. மரைக்குள் இறங்க வேண்டும், தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் எண் பொறித்திருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரைசர் அடுக்குவது வேண்டாம்.

கான்டினென்டல் ஜிடி மாதிரி ஃபோர்க் குழாயிலேயே தனித்தனிக் கைப்பிடி இருக்கும் வண்டிகளில் இது நடக்காது. மேல் யோக்கில் கிளாம்ப் உட்கார இடமே இருக்காது. யோக்கையே மாற்ற வேண்டும், அது இந்தப் பக்கத்தில் அடங்காத வேலை.

யு-டர்ன் அடிக்கும்போது ரேஸ் தானா ஏறுது. ஏன்?

ஆக்சிலேட்டர் கேபிள் குட்டை, அல்லது எங்கோ மடங்கி இருக்கிறது. ஹேண்டில் திரும்பும்போது வெளி உறை இழுபட்டு, உள்ளே உள்ள கம்பி தானாக த்ராட்டிலைத் திறக்கிறது. யு-டர்னில் எதிரே வண்டி வரும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் வண்டியைத் தெருவில் இறக்குவதற்கு முன் இந்தச் சோதனையை யாரும் தவறவிடக் கூடாது. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இரு கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் துளிகூட மாறக் கூடாது. ஒவ்வொரு கோடியிலும் ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள், டப்பென்று திரும்பி மூட வேண்டும். கிரிப்பில் 2, 3 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும்.

அதே நேரத்தில் இன்னும் இரண்டைப் பாருங்கள். ஹேண்டில் டேங்கில் இடிக்கிறதா? கோடிக்குத் திருப்பியபோது தூரத்துக் கை, சீட்டிலிருந்து உடம்பை நகர்த்தாமல் கிரிப்பை எட்டுகிறதா? எட்டவில்லை என்றால் அந்த ஹேண்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

மாத்தினதுலேர்ந்து வேகத்துல வண்டி லேசா ஆடுது, கையும் மரத்துப்போகுது.

நிமிர்ந்து உட்காரும்போது முன் சக்கரத்தில் எடை குறைகிறது, நெஞ்சில் காற்றும் வாங்குகிறது. அந்தக் காற்றை எதிர்த்து ஹேண்டிலையே பிடித்துத் தொங்கினால் வண்டி ஆடும். பிடியைத் தளர்த்தி, முட்டியால் டேங்கை அணைத்து ஓட்டிப் பாருங்கள். அப்படியும் ஆடினால் கோன் செட்டை (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்) சோதியுங்கள். முன்பே தேய்ந்திருந்தது இப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால், தேய்ந்த செட் கடகடவென்று இருக்கும்.

கை மரத்துப்போவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று அதிர்வு, அதற்கு ஹேண்டில் முனையில் எடை போடலாம். மற்றொன்று உயரம். கை தோளுக்கு மேலே நின்றால் நீண்ட ஓட்டத்தில் ரத்தம் சரியாக ஏறாது. அதற்கு மருந்து உயரத்தைக் குறைப்பதுதான்.

கண்ணாடி கழல மாட்டேங்குது, மரை போயிடுமோனு பயமா இருக்கு.

யமஹாவின் பல மாடல்களில் வலது கண்ணாடிக்கு எதிர்மரை. வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றிப் பாருங்கள்.

போலீஸ் பிடிப்பாங்களா? இன்சூரன்ஸ்ல பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182-ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஆர்.சி.யில் ஹேண்டில்பாருக்கு என்று தனிக் கட்டம் இல்லை என்பது உண்மைதான். அதை வைத்து எந்த உயரமும் போடலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் மாடலுக்கு நிறுவனமே உயரமான ஹேண்டிலோ ரைசரோ விற்றால் அதையே வாங்கி, பில்லை வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டியில் உள்ள வண்டி என்றால் அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பழைய ஹேண்டில்பாரை எடைக்குப் போட்டுடலாமா?

போடாதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் பழையபடி வேண்டும் என்று கேட்பார். பழைய கேபிள், கிளாம்ப் போல்ட், கிரிப் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள். கேபிள்களுக்கு எண்ணெய் விட்டு, வளையமாகச் சுற்றி வையுங்கள், மடித்து வைத்தால் மறுமுறை உதவாது.